சாப்பிட்ட பிறகு சொல்கிற சேதி

மாகாளியம்மன் சந்நிதியில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த அத்தியாயத்தில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது. அணைத்த கற்பூரம் இரண்டு தடவை மறுபடி பற்றிக்கொண்டது என்னவோ உண்மை. அது காற்றின் குற்றம்.

இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. பல்லடத்தில் வரதராஜுலுவின் கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்துக்கு ஹாலந்திலிருந்து இரண்டு பெரிய மிஷின்கள் வந்து இறங்கியிருக்கின்றன. அவற்றை நிறுத்தி ஓட்டிக் காட்ட ஹென்ட்ரிக் என்கிற நெட்டை மனிதரும் வந்து இறங்கியிருக்கிறார். ஹாலந்துக்கும் பல்லடத்துக்கும் நடுவே நின்று வேலையை நடத்திக் கொடுப்பவள் பொற்கொடி. அவளுடைய கார்டில் 'ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர்' என்று இருக்கும். ஆட்கள் வாயில் அவள் 'ரெண்டு பக்கமும் பேசற அம்மணி'. அப்பா காளிச்சாமி அதே கம்பெனியில் ஜீப் ஓட்டுகிறார். தம்பி தமிழ்ச்செல்வன் ராத்திரி ஷிப்டில் மிஷின் பார்க்கிறான். ஆக, அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் அணைவதும் வரதராஜுலுவின் கையில்.

முட்டை ஏற்றி இரண்டு வாரம் கழித்து, நல்ல நாள் பார்த்து, போன வெள்ளிக்கிழமை மிஷின்களுக்குப் பூஜை நடந்தது. ராசியான கை என்று பேர் வாங்கிய வரதராஜுலுவே ஏணியில் ஏறி, திருஷ்டிப் பூசணிக்காயைக் கூரையில் இருந்ததிலேயே உயரமான இடத்தில் கட்டினார். கன்றுக்குட்டி பருமனுள்ள காய். அதில் வரைந்திருந்த மீசையைப் பார்த்து மிரண்டு, தாராபுரம் போக வேண்டிய பஸ் ஒன்று வந்த வழியே கோயம்புத்தூருக்குத் திரும்பியது. ஹென்ட்ரிக் மட்டும் இதையெல்லாம் பார்க்கவில்லை. முந்தின நாள் சாப்பிட்ட புரோட்டாவோடு ஒத்துப்போக முடியாமல் படுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது இரண்டாவது மிஷின் சூடேற ஆரம்பித்தது.

பொற்கொடி உள்ளே நுழைந்தபோது தமிழ்ச்செல்வன் சட்டையைக் கழற்றி அதனாலேயே மிஷினுக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

"எப்பருந்துடா?"

"வெடியக்காலத்துல இருந்துக்கா. காத்தாடி ஓடுது. தண்ணி போகுது. எல்லாஞ் சரியாத்தான் இருக்குது. சூடு மட்டும் எறங்க மாட்டீங்குது."

அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தட்டுத் தட்டாக இருபதாயிரம் முட்டைகள். கடைசி வாரம். இந்தக் கட்டத்தில் முட்டைக்குள் இருக்கிற குஞ்சே தன் உடம்புச் சூட்டை வெளியே விடும். அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் குஞ்சு கண் திறக்காமலே வெந்துவிடும். அந்த அறைக்குள் எத்தனை புழுக்கம் என்றால், சுவரில் குடியிருந்த பல்லி கொஞ்சம் இளைப்பாறலாம் என்று வெளியே சித்திரை வெயிலுக்குப் போய்விட்டது.

மிஷினின் பக்கவாட்டில் பேனல் பெட்டி. அதன் மேல் ஈய முத்திரை. அதை உடைக்கவும் பெட்டியைத் திறக்கவும் ஹென்ட்ரிக் ஒருவருக்குத்தான் அதிகாரம். சாவி அவர் கழுத்தில் தொங்குகிறது. வேறு யார் கைவைத்தாலும் மிஷினுக்கு ஹாலந்து பொறுப்பில்லை என்று ஒப்பந்தம்.

"மத்தியானம் வரைக்கும் தாங்குமாக்கா?"

"தாங்காது."

"செத்துப்போச்சுன்னா எம்பேரத்தான் சொல்லுவாங்க. ராத்திரி பாத்தவன் நானு."

அவன் சொன்னது சரி. எந்தத் தப்பு நடந்தாலும் வரதராஜுலு முதலில் கேட்பது ஒரு பேர். பேர் கிடைத்துவிட்டால் தப்பு சரியாகிவிட்டது போல அவருக்கு ஒரு நிம்மதி. போன மாசம் ஒரு காவலாளியின் பேர் கிடைத்தது. அவர் இப்போது வெள்ளகோவில் சந்தையில் வெங்காயம் விற்கிறார்.

"அந்தாளக் கூட்டியாரேன். நீ கதவத் தொறந்துபோடாத. இருக்கற ஈரமும் போயிரும்."

காளிச்சாமி ஜீப்பை எடுத்தார். வரதராஜுலுவின் பங்களாவில்தான் ஹென்ட்ரிக் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். வழியெல்லாம் பொற்கொடி மனசுக்குள் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டாவது மிஷின் சூடேறுகிறது, உடனே வாருங்கள். சின்ன வாக்கியம். பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும்.

ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு முன்கதை உண்டு. இரண்டு மாசத்துக்கு முன்னால், ஹென்ட்ரிக் காபி டம்ளரைக் கையில் எடுக்கிற நேரத்தில், சாமான் பெட்டி துறைமுகத்தில் சிக்கிக்கொண்டது என்று அவள் சொல்லிவிட்டாள். வரதராஜுலு அவளைத் தனியாக அழைத்தார்.

"ஒறம்பர கையில காப்பிய வெச்சிருக்கறப்பக் கெட்ட சேதி சொல்றது எந்த ஊட்டுப் பழக்கமுங்க அம்மணி? உங்க வளவுல அப்படித்தானுங்களா?"

ஒறம்பர என்றால் விருந்தாளி, வளவு என்றால் அவள் சனம் குடியிருக்கிற இடம். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த 'ங்க'வுக்குள்ளேதான் முள்ளை வைத்திருந்தார். அதற்குப் பிறகு கம்பெனியில் அது சட்டமாகிவிட்டது. ஹென்ட்ரிக் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் நல்லதைத் தவிர வேறு எதையும் யாரும் சொல்லக்கூடாது. கெட்டதைச் சொல்ல வேண்டுமானால் முதலாளியே சொல்லிக்கொள்வார்.

பங்களாவில் சாப்பாட்டு மேஜை நிறைந்திருந்தது. இட்லி, சந்தகை, பணியாரம், மூன்று சட்னி. ஹென்ட்ரிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொற்கொடியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துவிட்டாயா? ரிப்போர்ட்?"

அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. மேஜையின் அந்தக் கோடியிலிருந்து வரதராஜுலு அவளைப் பார்த்தார். அவள் கதவோரம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். காளிச்சாமி தன் செருப்பில்லாத காலைப் பார்த்தார்.

"ஈட் ஃபர்ஸ்ட் சார்," என்றார் வரதராஜுலு. "டாக் நெக்ஸ்ட்."

"ரிப்போர்ட் இருக்கிறதென்றால் இப்போதே கேட்கிறேன்," என்றார் ஹென்ட்ரிக். "எங்கள் வீட்டில் அப்பா கெட்ட செய்தியை முதலில் மேஜையில் வைப்பார். ரொட்டியைப் பிறகுதான் வைப்பார். செய்தி வராமல் சாப்பிட்டுப் பழக்கமில்லை."

"நோ ரிப்போர்ட். ஆல் வெரி குட். ஈட்."

"எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் அதுவே ஒரு ரிப்போர்ட். எத்தனை டிகிரி, எவ்வளவு ஈரம்? அதைச் சொல்லுங்கள், சாப்பிடுகிறேன்."

"சொல்லலாமுங்க. சாப்புட்டுப் போட்டுச் சொல்லலாமுங்க."

இவர் சொன்னால்தான் அவர் சாப்பிடுவார். அவர் சாப்பிட்டால்தான் இவர் சொல்லுவார். இரண்டு பேருமே நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள், வளர்ப்பை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இட்லி ஆறிக்கொண்டே வந்தது. தேங்காய்ச் சட்னிக்கு வரிசையில் வந்த எறும்புகள், விருந்தாளி கைவைக்காததை நாம் தொடுவதா என்று கிண்ணத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. அவையும் அந்த வீட்டில் வளர்ந்த எறும்புகள்.

பொற்கொடி வரதராஜுலுவின் அருகில் போய்க் குனிந்தாள். "ஐயா, ரெண்டாவது மிஷின் சூடாயிட்டிருக்குதுங்க. அவரு வந்தாத்தானுங்க ஆகும்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் இறங்கியது. "ராத்திரி ஆருங்க பாத்தது?"

"அப்பறம் சொல்றனுங்க."

"சரி. நீங்க போயி மிஷினப் பாருங்க. இங்க சோறு எறங்காட்டி வெள்ளகோவில்ல எறங்கும். எஞ்சகலை திருமலைசாமி ஊட்டுல பத்து மணிக்கே எலை போடச் சொல்லியிருக்கறேன். ஒரு வாய் உள்ள போச்சுன்னா நானே பதமாச் சொல்லிக் கூட்டியாரேன்."

வெள்ளகோவில் கூப்பிடு தூரத்தில் இல்லை. காங்கேயம் தாண்டிப் போக வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் வரதராஜுலு எழுந்து ஹென்ட்ரிக்கின் தோளில் கைபோட்டு, தாய்க்கோழிப் பண்ணையைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று காரில் ஏற்றிவிட்டார். போகிற காரின் கண்ணாடிக்குள்ளிருந்து ஹென்ட்ரிக் அவளுக்குக் கையசைத்தார். அந்தக் கழுத்தில் சாவி ஆடியது.

அதற்குப் பிந்திய நேரத்தைப் பொற்கொடி எப்படித் தள்ளினாள் என்று கேட்காதீர்கள். ஈரச் சாக்கை மிஷினின் மேல் போட்டார்கள். போட்ட கையோடு காய்ந்தது. ஐஸ் கட்டி வாங்கி வந்து தரையில் பரப்பினார்கள். ஐஸ் தண்ணீராகவில்லை, நேரே ஆவியாகப் போனது. பொற்கொடி வெள்ளகோவிலுக்கு டிரங்க் கால் போட்டாள்.

"ஏனுங்க, பல்லடத்துல இருந்து பொற்கொடி பேசறனுங்க. ஹென்ட்ரிக் சாரக் கூப்புடுங்க. அவசரமுங்க."

"எலை போட்டிருக்குதுங்க அம்மணி," என்றது அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். "எலைல உக்காந்தவங்களப் போனுக்கு எழுப்பலாமுங்களா?"

"சாப்புட்டுட்டு இருக்காருங்களா?"

"இல்லீங்க. சும்மாதான் உக்காந்திருக்காருங்க. கோழி வறுவல் வெச்சு எத்தன நேரமாச்சு. தொடவே மாட்டீங்கறாரு. என்னமோ ரிப்போட்டு வேணுமுன்னு கேக்கறாருங்க. எங்கூட்டுல அது செய்யலீங்களே. பக்கத்துல எங்கியாச்சும் கெடைக்குங்களா?"

அவள் போனை வைத்தாள்.

அங்கே நிலைமை எப்படி இருந்தது என்றால், போடும்போது பச்சையாக இருந்த வாழையிலை காத்திருந்து காத்திருந்து பழுத்து மஞ்சளாகிவிட்டது. விருந்தாளி சாப்பிடாமல் வீட்டுக்காரர் சாப்பிடக் கூடாது. ஆகவே வரதராஜுலுவும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திருமலைசாமியும் குடிக்கவில்லை. பந்திக்கு வந்த இருபது பேரும் பரிமாறிய இலைக்கு முன்னால் பசியோடு உட்கார்ந்து ஹாலந்து நாட்டின் தட்பவெப்பம் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொரிப்பகத்தில் தமிழ்ச்செல்வன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பேனல் பெட்டியின் முன்னால் வந்து நின்றான்.

"நானே உடைக்கறன்க்கா. எப்புடியும் பேரு என்னுதுதான் போகப்போகுது. போறதுதான் போகுது, குஞ்சாச்சும் பொழைக்கட்டும்."

"உடைச்சு? உள்ள எந்தக் கம்பி எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"எனக்குந் தெரியாது. வெய்யி கீழ."

அவன் வைக்கவில்லை. அவள் வாங்கி வைத்தாள். கண்ணாடிக்கு உள்ளே முட்டைகள் வெள்ளை வெளேரென்று அசையாமல் இருந்தன. இத்தனை நாள் அவள் இரண்டு பக்கத்துக்கும் பாலமாக இருந்தாள். ஹென்ட்ரிக் 'முட்டாள்தனம்' என்று சொன்னால் அவள் 'யோசிக்க வேண்டிய விஷயமுங்க' என்று மாற்றிச் சொல்லுவாள். வரதராஜுலு 'ஆகட்டுங்க' என்று சொன்னால் 'இந்த ஜென்மத்தில் நடக்காது' என்று அங்கே விளங்க வைப்பாள். ஊர்க்காரர்கள் அதை வேலை என்றார்கள். இன்றைக்கு நேருக்கு நேர் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் நின்றபோது, தான் பாலமல்ல, பாலத்துக்கு அடியில் ஓடுகிற சாக்கடை என்று அவளுக்குத் தோன்றியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுதாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வியர்வை கண் வழியாகவும் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

காளிச்சாமி அவள் தலையில் கைவைத்தார். "நாம் போயிக் கூட்டியாரேன் கண்ணு."

"உங்களுக்கு இங்கிலீசு தெரியாதுங்களே அப்பா. என்னன்னு சொல்லிக் கூட்டியாருவீங்க?"

"தெரியாதது நல்லதுதான். ஒண்ணுஞ் சொல்ல வேண்டியதில்ல பாரு."

அவர் ஓட்டிய வேகத்தில் ஜீப்பின் நிழல் காங்கேயத்தில் பின்தங்கி, அரை மணி நேரம் கழித்துத் தனியாக வெள்ளகோவில் வந்து சேர்ந்தது. பந்தியில் நுழைந்த காளிச்சாமி ஹென்ட்ரிக்கின் முன்னால் நின்று ஒரு கும்பிடு போட்டார். வாசலைக் காட்டினார். அவ்வளவுதான். சாப்பிடு என்று சொல்லாத ஒரு மனிதரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்த ஹென்ட்ரிக், எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார். தொடாத இலைக்காக சகலையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வரதராஜுலு அங்கே கொஞ்சம் பின்தங்க வேண்டியதாயிற்று.

ஆனால் ஜீப் பொரிப்பகத்து வாசலுக்கு வரவில்லை. மதில் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் இருக்கிற வளவுக்குள் போய், காளிச்சாமியின் வீட்டுப் படலுக்கு முன்னால் நின்றது. தகவல் வந்து பொற்கொடி ஓடிப் போய்ப் பார்த்தால், வேப்பமரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலில் ஹென்ட்ரிக் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஸ்டூல், அதன் மேல் தட்டு. அம்மா ராசம்மாள் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு போட்டு நெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். முட்டைப் பொரியல் செய்து வைத்திருந்ததை மட்டும் உள்ளேயே மறைத்துவிட்டாள். மனுசனுக்கு அது ஆபீஸ் சமாசாரம், சாப்பிடுகிற இடத்தில் எதற்கு என்று.

"அப்பா, என்னங்க இது. அங்க வெந்துட்டிருக்குது. மிஷினுக்கு நேராக் கூட்டியாராம இங்க எதுக்குங்க?"

காளிச்சாமி அவளைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். "கண்ணு, எங்கப்பன் காலத்துல இருந்து பாக்கறன். வெளிய இருந்து ஒருத்தரு நம்மூட்டுக்கு வந்து கை நனைச்சதில்ல. தோட்டத்து ஊட்டுல நமக்குத் தண்ணியக் கையிலதான் ஊத்துவாங்க. அவங்க இங்க வந்தா வெய்யில்லயே நின்னு பேசிப்போட்டுப் போயிருவாங்க. மொத மொதல்ல ஒரு ஒறம்பர கட்டல்ல உக்காந்திருக்குது. எழவு சேதியச் சொல்லி அதை எழுப்பி உட்டராத. ஒரே ஒரு வாயி. அப்பறம் நீ என்ன வேணுமுன்னாலுஞ் சொல்லு."

அவர் எதையும் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"ரிப்போர்ட்?" என்றார் ஹென்ட்ரிக் கட்டிலிலிருந்து. குரல் கம்மியிருந்தது. முந்தின நாள் இரவுக்குப் பிறகு அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. சோற்றின் ஆவி மூக்கில் ஏற, கண் தட்டில்தான் இருந்தது. ஆனாலும் கை மடியிலேயே இருந்தது.

பொற்கொடிக்கு ஒரு பக்கம் அப்பாவின் முகம். ஒரு பக்கம் ஹென்ட்ரிக். சுவருக்கு அந்தப் பக்கம் இருபதாயிரம் உயிர். யாராவது ஒருவர் தோற்றால்தான் வேலை நடக்கும். யாரைத் தோற்கடிப்பது?

அவள் கட்டிலுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள். "சார், உங்கள் வீட்டில் செய்தி முதலில். எங்கள் வீட்டில் சோறு முதலில். இன்றைக்கு இரண்டும் ஒன்றாகப் போகட்டும். நீங்கள் வாயில் வைக்கிற அதே நொடியில் நான் வாயைத் திறக்கிறேன். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை."

ஹென்ட்ரிக் யோசித்தார். இரண்டு நாட்டுக்கும் பாதகமில்லாத ஷரத்து என்று பட்டது. தலையசைத்தார்.

"அம்மா, அவருக்கு உருண்டை புடிச்சுக் குடுங்க."

ராசம்மாள் உருட்டிக் கொடுத்தாள். அவர் வாங்கினார். கவளம் உதட்டைத் தொட்டது.

"இரண்டாவது மிஷின் விடியற்காலையிலிருந்து சூடேறுகிறது காற்றாடி ஓடுகிறது தண்ணீர் ஓடுகிறது காரணம் தெரியவில்லை முத்திரையை யாரும் தொடவில்லை," என்றாள் ஒரே மூச்சில்.

ஹென்ட்ரிக் மென்றார். மெல்ல மெல்லக் கண்கள் விரிந்தன. வாயில் சோற்றோடு எழுந்து பொரிப்பகத்தின் பக்கம் திரும்பினார். திரும்பினவர் அப்படியே நின்றார்.

பொரிப்பகத்தின் முன்பக்கம் புதுப் பெயர்ப்பலகை கூரையை மறைத்துக்கொண்டிருக்கும். பங்களாக்காரர்களோ ஆபீஸ்காரர்களோ கூரையின் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. அது இந்த வளவிலிருந்து மட்டும்தான் தெரியும்.

"அது," என்றார் விழுங்கிவிட்டு, "அது என்ன?"

கூரையில் இருந்ததிலேயே உயரமான இடம், இரண்டாவது மிஷினின் வெப்பக்காற்றுக் குழாய். நாலு நாள் வெயிலில் கயிறு தளர்ந்து, கன்றுக்குட்டி பருமனுள்ள பூசணிக்காய் வழுக்கி இறங்கி, அந்தக் குழாயின் வாயில் பானைக்கு மூடி வைத்தது போலக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மீசையும் நாக்குமாக அவர்களைப் பார்த்துச் சிரித்தது.

ஹென்ட்ரிக் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில் மூன்று வாய் சாப்பிட்டார். தமிழ்ச்செல்வன் மழைத்தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கூரைக்கு ஏறிப் பூசணியைக் கட்டிக்கொண்டு இழுத்தான். அது வெளியே வந்தபோது குழாயிலிருந்து கிளம்பிய அனல், மேலே பறந்துகொண்டிருந்த காக்கையின் ஒரு பக்கத்து இறகை நரைக்க வைத்தது. அந்தக் காக்கையை அதற்குப் பிறகு கிணத்துக்கடவில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஹென்ட்ரிக் முத்திரையை உடைத்துப் பெட்டியைத் திறந்து என்னென்னவோ திருகினார். முள் மெல்ல இறங்கியது. ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். பொற்கொடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் ஒன்றும் சொல்லவில்லை.

வரதராஜுலுவின் கார் வளவுக்குள் வந்தபோது பொற்கொடி தட்டைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். தமிழ்ச்செல்வன் வேப்பமரத்தடியில் கரியும் சுண்ணாம்புமாக நின்றான். காளிச்சாமி துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வரதராஜுலு படலுக்கு அந்தப் பக்கம் வெயிலிலேயே நின்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததில் கன்னம் ஒட்டியிருந்தது. குழாய் அடைத்துக்கொண்டது என்று மட்டும் பொரிப்பகத்து வாசலில் சொல்லியிருந்தார்கள், எதனால் என்று சொல்லவில்லை.

"எஞ்சகலை ஊட்டுல எம்மானம் போச்சு. இங்க மிஷின் போச்சு. ஆருங்க அதை அடைச்சது? எனக்குப் பேரு வேணும். இப்பவே வேணும்." பார்வை தமிழ்ச்செல்வன் மேல் நின்றது.

"தெரியுமுங்க. சொல்றனுங்க," என்றாள் பொற்கொடி.

"சொல்லுங்க."

"கெட்ட சேதிங்க ஐயா."

"பரவால்ல. சொல்லுங்க."

"நீங்க இன்னுஞ் சாப்புடலீங்களே."

காளிச்சாமியின் கக்கத்திலிருந்து துண்டு நழுவியது. அவர் எடுக்கவில்லை.

"வெறு வயித்துல வந்த ஒறம்பரகிட்டக் கெட்ட சேதி சொல்றது எங்க வளவுப் பழக்கமில்லீங்க," என்றாள். குரலில் ஏளனம் ஒரு துளியும் இல்லை. அவர் கற்றுக்கொடுத்த அதே மரியாதை. "உள்ள வாங்க. சோறு சூடா இருக்குது. ஒரு வாய் எறங்குனதும் பேரச் சொல்லிப்போடறனுங்க."

வரதராஜுலு அவளைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். நெய் மணம் படலைத் தாண்டி அவரிடம் போய் நின்றது. மூன்று தலைமுறையாக அவர் வீட்டுக் கால் நின்ற இடத்திலேயே அவருடைய காலும் நின்றது. போய்விடலாம். போனால் பேர் கிடைக்காது. அதைவிட, தாமே போட்ட சட்டத்தைத் தாமே மீறியதாகிவிடும். அப்படி மீறிப் பேர் கெட்டவர் யாரும் அவர் குடும்பத்தில் இல்லை.

ராசம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து படலுக்கு உள்ளேயே நின்றாள். கையில் ஊற்ற முடியாத தூரம்.

அவர் செருப்பைக் கழற்றினார். படலைத் தள்ளினார். உள்ளே வந்தார். சொம்பை வாங்கிக் கை கழுவிக் கட்டிலில் உட்கார்ந்தார். ராசம்மாள் பரிமாறிய சோற்றில் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

"இப்பச் சொல்லு அம்மணி. பேரென்ன?"

"வரதராஜுலுங்க," என்றாள் பொற்கொடி. "போன வெள்ளிக்கெழம பூசணிக்காயக் கட்டுனது அவருதானுங்க."

அவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து தம் கட்டடத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அறுந்த கயிறு குழாயில் ஆடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"உப்புக் கொஞ்சங் கம்மி," என்றார். ராசம்மாள் உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். "சோறு இன்னுங் கொஞ்சம் போடுங்க," என்றார்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹென்ட்ரிக் வந்தார். உள்ளங்கையில் ஒரு முட்டை இருந்தது. அதைப் பொற்கொடியின் காதருகே வைத்தார். உள்ளே யாரோ தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். "இது ஒன்று," என்றார். "மற்றதெல்லாம்?" என்று கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார். ஓடு உடைகிற அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்குத்தான் மிஷின்களை ஏற்றுக்கொள்கிற கையெழுத்தும். தமிழ்ச்செல்வன் முட்டையை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் நின்றான்.

கற்பூரம் மறுபடி பற்றிக்கொண்டது காற்றின் குற்றமல்ல. வரதராஜுலு காளிச்சாமி வீட்டுப் படலைத் தாண்டி இன்றுவரை ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை.